பயன்படுத்திய பக்கெட் சீட்டை சக ஆர்வலர்களுக்கு விற்பது எப்படி?

கோவையைச் சேர்ந்த நண்பர் ஒருவர், ரேலிக்கும் டிராக் ஓட்டத்துக்கும் வைத்திருந்த தம் ஹேட்ச்பேக் காரை அண்மையில் விற்றுவிட்டார். காரில் பழைய சீட்டையே திரும்பப் பூட்டிக் கொடுத்ததால், ஓட்டுநர் பக்கம் இருந்த பக்கெட் சீட், அதாவது உடலைச் சுற்றிப் பிடிக்கும் பந்தய சீட், வீட்டில் தங்கிவிட்டது. ஃபைபர் கிளாஸ் ஓடு, 2018-ல் தயாரானது, சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 தர லேபிள் கிழியாமல் இருக்கிறது, சீட்டைப் பக்கவாட்டில் தாங்கும் சைடு மவுன்ட்டும் முன்பின் நகர்த்தும் ஸ்லைடரும் கைவசம் உள்ளன, விபத்து எதையும் அது பார்த்ததில்லை. இதைத் தம்மைப் போன்ற ஆர்வலர் ஒருவருக்கே கொடுக்க விரும்புவதாகவும், என்ன விலை சொல்வது, விளம்பரத்தில் என்ன எழுதுவது, வெளியூர்க்காரர் கேட்டால் எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறார். சில ஆண்டுகள் ரேலி சர்வீஸ் குழுக்களில் வேலை செய்தவன், இப்படிப்பட்ட சீட்டுகளை வாங்கியும் விற்றும் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விலையைப் பற்றி யோசிக்கும் முன் லேபிளைப் படியுங்கள். 8855-1999 தரத்தில் சான்று பெற்ற சீட்டை, தயாரான நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரைதான் போட்டியில் பயன்படுத்தலாம். தயாரித்த நிறுவனமே சோதித்து, கூடுதல் லேபிள் ஒட்டிக் கொடுத்தால் இன்னும் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். ஆனால் சாதாரண ஃபைபர் கிளாஸ் சீட்டை இத்தாலிக்கோ ஜப்பானுக்கோ அனுப்பி நீட்டித்து வாங்கியவர் எவரையும் நம் ஊரில் நான் பார்த்ததில்லை. 2014-க்குப் பிறகு வந்த லேபிள்களில் எந்த ஆண்டுக்கு மேல் செல்லாது என்பதே அச்சிடப்பட்டிருக்கும், அதனால் இதில் வாதத்துக்கு இடமில்லை. உங்கள் சீட் 2018-ல் தயாரானது. 2023-ஓடு அதன் போட்டி ஆயுள் முடிந்தது. இதைவிட மேலான 8862-2009 தரத்துச் சீட்டுகளுக்கு 10 ஆண்டுகள் உண்டு என்றாலும் அவற்றின் விலையே வேறு, அவற்றுக்கென்று சான்று பெற்ற தாங்கிகளோடுதான் பூட்டவும் வேண்டும். உங்களுடையது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஆகவே விளம்பரத்தின் முதல் வரியிலேயே "லேபிள் காலாவதியானது, போட்டிக்குச் செல்லாது" என்று எழுதிவிடுங்கள். இதை எழுதினால் யாரும் வாங்கமாட்டார்களோ என்று தயங்க வேண்டாம். முதல் ரேலிக்குத் தயாராகும் கல்லூரிப் பையன் ஒருவன் இந்த வரியைக் காணாமல் பணம் கொடுத்து வாங்கி, தன் கையால் பூட்டி, ரேலி ஆஃப் கோயம்புத்தூர் போன்ற ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணமும் கட்டிவிட்டு, முந்தைய நாள் ஸ்க்ருட்டினி எனும் வண்டிச் சோதனையில் லேபிளைப் பார்த்த அதிகாரி தலையை ஆட்டும்போதுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்வான் என்றால், அவனுக்கு நேர்வது சீட்டுக்குக் கொடுத்த பணத்தின் நஷ்டம் மட்டுமாக இருக்காது. அந்த ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்த உழைப்பு ஒரே மாலையில் போய்விடும். நம் வட்டம் மிகச் சிறியது. பந்தய கார்களை உருவாக்கிய கரிவர்தன் காலத்திலிருந்தே கோவையில் பட்டறைக்காரர்களும் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள். செட்டிபாளையம் டிராக்கில் காலையில் நடந்தது மாலைக்குள் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குத் தெரிந்துவிடும். இங்கே ஒரு சீட் நான்கு கை மாறுவது சாதாரணம், நான்கு கையும் யாருடையவை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

காலாவதியான சீட்டை யார்தான் வாங்குவார்கள் என்றால், வாங்க ஆள் நிறையவே உண்டு. வீட்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் பொருத்தி சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு உண்மையான பந்தய சீட்டின் பிடிமானம் வேண்டும், லேபிளின் தேதி தேவையில்லை. சாலையில் ஓடாத பயிற்சி வண்டியைக் கட்டுகிறவர்கள், பந்தய கார் கட்டும் மாணவர் அணிகளில் இருக்கை நிலையை அளந்து பார்க்க மாதிரி தேடுகிறவர்கள், ஒரு குறிப்பிட்ட காலத்து ரேலி காரை அதே தோற்றத்தில் மீட்டெடுக்கிறவர்கள் ஆகியோரும் கேட்பார்கள். இவர்களில் சிமுலேட்டர்காரருக்கு விற்பதுதான் என் மனத்துக்கு மிகவும் நிம்மதியானது. அவருடைய சீட் யாரையும் மோதலில் தாங்க வேண்டியதில்லை.

அடுத்தது ஓட்டின் நிலை. இதில்தான் பெரும்பாலான விற்பனையாளர்கள் அக்கறையில்லாமல் இருந்துவிடுகிறார்கள். துணி வெளுத்திருப்பதையும் தையல் பிரிந்திருப்பதையும் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். துணியை இருநூறு ரூபாய் நூலில் தைத்துவிடலாம். சீட்டின் உயிர் ஓட்டில் இருக்கிறது, ஓட்டிலும் சைடு மவுன்ட் போல்ட் இறங்கும் இடங்களில் இருக்கிறது.

பத்தாண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது, கருப்பு வெல்வெட் துணியில் ஒரு கறை இல்லை. வண்டியில் பூட்டுவதற்காக இடுப்புப் பக்கத் துணியை நீக்கிப் பார்த்தபோது, பின்பக்கத்து போல்ட் துளையிலிருந்து சிலந்தி வலை போல மூன்று நான்கு கோடுகள் கிளம்பியிருந்தன. மேல்பூச்சு வெடித்திருக்கும் என்று எண்ணி நகத்தை ஓட்டினேன், நகம் சிக்கியது. ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டினால், ஓட்டின் மற்ற இடங்களில் 'டக் டக்' என்று கணீரெனக் கேட்ட ஒலி, துளையைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மண்சட்டியைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டது. உள்ளே இழையடுக்குகள் பிரிந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். தளம் சமமில்லாத வண்டியில் யாரோ போல்ட்டை இழுத்து முறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். ஓடு எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, குலுங்கிக் குலுங்கி அந்த இடத்தில் களைத்துப்போயிருக்கிறது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். தொடைப் பஞ்சையும் முதுகுப் பஞ்சையும் எடுத்துவிட்டு, சீட்டை வெயிலில் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் ஓட்டின் பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் தலைமுடி அளவுக் கீறலும் நிழல் காட்டும். நான்கு மரைகளிலும் புதிய 8 மில்லிமீட்டர் போல்ட்டைக் கையாலேயே திருகிப் பாருங்கள். கடைசி வரை தடங்கலின்றி இறங்க வேண்டும், இறங்கியபின் ஆட்டினால் மரைப் புடைப்பு ஓட்டுக்குள் அசையக் கூடாது. ஹார்னஸ் எனும் பல முனைப் பந்தய பெல்ட்டின் பட்டை நுழையும் தோள் துளைகளின் ஓரத்தையும், கால்களுக்கு இடையே பட்டை வரும் துளையின் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். பிறகு நாணயத்தால் ஓடு முழுவதும் தட்டிப் பாருங்கள். இதெல்லாம் எக்ஸ்ரேக்கு ஈடாகாது, பார்வையில் குறையில்லாத ஓடும் உள்ளே பலம் குறைந்திருக்கலாம். 5 ஆண்டு என்று காலக்கெடு வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அரை மணி நேரச் சோதனையில் அகப்படக்கூடிய குறையைக்கூடப் பார்க்காமல் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதுவது நியாயமில்லை.

விபத்து இல்லை என்று சொல்கிறீர்கள். அதை இன்னும் துல்லியமாக எழுதுங்கள். நீங்கள் முதல் உரிமையாளர் என்றால் "பெட்டியோடு நான் வாங்கியது, என் வண்டியில் மட்டும் இருந்தது, மோதலோ உருளலோ இல்லை" என்று எழுதலாம். இடையில் வாங்கியவர் என்றால் "என்னிடம் இருந்த மூன்று ஆண்டுகளில் இல்லை, அதற்கு முன்பு இல்லை என்று விற்றவர் சொன்னார்" என்று பிரித்து எழுதுங்கள். பலத்த மோதலைத் தாங்கிய சீட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்பது பந்தய உலகில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. அதனால் இந்த ஒரு வாக்கியத்தை வாங்குபவர் திரும்பத் திரும்பப் படிப்பார். அந்த வண்டி ஓடிய போட்டிகளின் பெயரும் ஆண்டும் நினைவிருந்தால் அவற்றையும் சேர்த்துவிடுங்கள், அவர் தாமே விசாரித்துக்கொள்வார்.

விலைக்கு வருவோம். நீங்கள் 2018-ல் கொடுத்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதே சீட், அல்லது அந்த மாடல் நின்றுபோயிருந்தால் அதற்கு அடுத்து வந்தது, இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து இன்று இந்தியாவில் என்ன விலைக்குக் கைக்கு வருகிறது என்று விசாரியுங்கள். என்னுடைய பழக்கம் இதுதான்: லேபிளில் இரண்டு ஆண்டுகளாவது மிச்சமிருந்து ஓடும் சுத்தமாக இருந்தால் இன்றைய விலையில் பாதி, ஓராண்டுக்குள் முடிகிறதென்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, முடிந்துவிட்டதென்றால் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே. இது அனுபவத்தில் நான் கண்ட ஒரு தோராயம்தான், சந்தை ஊருக்கு ஊர் மாறும். சைடு மவுன்ட்டையும் ஸ்லைடரையும் தனியாக விலை போடுங்கள், அவை காலாவதி ஆகாத இரும்பு. உங்கள் காரின் தளத்துக்கென்றே பட்டறையில் வெல்டிங் செய்த அடிச்சட்டம் இருந்தால், அதே மாடல் கார் வைத்திருப்பவருக்கு அது சீட்டுக்குச் சமமான மதிப்புள்ளது, மற்றவர்களுக்கு எடைக்குப் போடும் இரும்பு. ஆகவே இரண்டு விலை எழுதுங்கள்: சட்டத்தோடு இவ்வளவு, சட்டமில்லாமல் இவ்வளவு.

தாங்கிகளைப் பற்றி எழுதும்போது கனத்தையும் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஏ. விதிப்படி, காரின் சொந்தப் பொருத்துமுறையை மாற்றினால் ஒரு சீட்டுக்குக் குறைந்தது நான்கு இடங்களில், 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். தாங்கி இரும்பென்றால் 3 மில்லிமீட்டர், அலுமினியக் கலவை என்றால் 5 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். ஸ்லைடரும் காரோடு வந்ததாகவோ சீட்டோடு வந்ததாகவோ இருக்க வேண்டும். உள்ளூரில் வளைத்த 2 மில்லிமீட்டர் தகடுகள் எத்தனையோ கைமாறிக்கொண்டிருக்கின்றன. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, அளக்கும் படத்தையே போட்டுவிடுங்கள். போல்ட்டுகளை மட்டும் பழையதைக் கொடுக்காமல், புதிதாகத் தரமானதை வாங்கிக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

படங்கள் எட்டோ பத்தோ போதும், ஆனால் எதை எடுக்கிறோம் என்பது முக்கியம். முன், பின், இரு பக்கம் ஆகியவை போக, லேபிள் எழுத்து படிக்கும்படி ஒன்று, நான்கு போல்ட் துளைகளும் பஞ்சு நீக்கிய நிலையில் ஒவ்வொன்றாக, தேய்ந்த இடம் எதுவோ அது மிக அருகிலிருந்து. நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கக் கதவால் ஏறி இறங்குவதால் சீட்டின் வலது தொடை அணையும் வலது இடுப்பு அணையும்தான் முதலில் தேயும். படங்களில் அந்த வலப்பக்கம் மட்டும் இல்லாமல் போனால் அனுபவமுள்ளவர் உடனே சந்தேகப்படுவார். ஜிப்போ பெல்ட் பக்கிளோ உரசி வெளுத்த அந்த ஓரத்தை மறைக்காதீர்கள். சீட்டைக் கழுவித் துடைத்து எடுங்கள், ஆனால் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம்.

அளவுகளை எழுதாத விளம்பரத்துக்கு வருகிற பாதி அழைப்புகள் வீண் அழைப்புகள். இடுப்புப் பகுதியின் உள் அகலம், தோள் பகுதியின் வெளி அகலம், தளத்திலிருந்து உச்சி வரை உயரம், பக்கவாட்டுப் போல்ட் துளைகள் இரண்டின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், சைடு மவுன்ட்டின் வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு உள்ள தூரம், இவ்வளவையும் மில்லிமீட்டரில் கொடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் துளை இடைவெளி மாறும். தம்மிடம் ஏற்கெனவே உள்ள மவுன்ட் இதற்குப் பொருந்துமா என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும். எந்த இடுப்பளவுக்காரர் வசதியாக உட்கார்ந்தார் என்பதையும் எழுதலாம். பக்கெட் சீட் செருப்பைப் போன்றது, அளவு தப்பினால் எவ்வளவு உயர்ந்த நிறுவனமானாலும் உதவாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஃபைபர் கிளாஸ் பக்கெட் சீட், ஒன்று. தயாரிப்பு 2018. எஃப்.ஐ.ஏ. 8855-1999 லேபிள் உண்டு, காலாவதியானது, போட்டிக்குச் செல்லாது. முதல் உரிமையாளர் நான். ஐந்து ரேலி, சில டிராக் நாட்கள். மோதல் இல்லை, உருளல் இல்லை. பஞ்சு நீக்கிச் சோதித்தேன், போல்ட் துளைகளில் விரிசல் இல்லை, படம் பார்க்கவும். வலது தொடை அணையில் துணி வெளுத்துள்ளது, இடது தோள் துளை அருகே தையல் இரண்டு அங்குலம் பிரிந்துள்ளது. 3 மில்லிமீட்டர் இரும்பு சைடு மவுன்ட், சீட்டோடு வந்த ஸ்லைடர் உண்டு. அளவுகள் கீழே. கோவையில் நேரில் வந்து உட்கார்ந்து பார்த்து எடுத்துச் செல்லலாம்." விற்பனைத் தந்திரம் என்று இதில் ஒன்றுமில்லை. இப்படி எழுதப்பட்ட ஒவ்வொரு சீட்டும் சில நாட்களுக்குள் போனதையே நான் பார்த்திருக்கிறேன்.

இதே கேள்வியை, காரோடு கம்பெனியிலிருந்தே வந்த ஸ்போர்ட்ஸ் சீட்டை விற்க நினைப்பவர்களும் கேட்பதுண்டு. அவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பல சீட்டுகளின் பக்கவாட்டில் ஏர்பேக் உண்டு. சிலவற்றில் பெல்ட்டை வெடிமருந்தால் இழுத்து இறுக்கும் பகுதியும் சீட்டோடு சேர்ந்தே இருக்கும். மஞ்சள் நிறக் கனெக்டரைப் பிடுங்கும் முன் பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஏர்பேக், பெல்ட் பகுதிகள் தனியாக அனுப்பப்படும்போது சரக்குப் போக்குவரத்தில் யு.என். 3268 என்ற எண்ணின்கீழ் அபாயகரமான சரக்காக வகைப்படுத்தப்படுபவை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கூரியரில் போடக் கூடாது. இரண்டாவது, போலிகள். ஜப்பானிலிருந்து வந்த சிவிக் டைப்-ஆர் சிவப்பு ரெகாரோ, 2010-ல் இங்கே விற்பனைக்கு வந்த மிட்சுபிஷி எவல்யூஷன் ரெகாரோ என்று சொல்லிக்கொண்டு, வேறேதோ சீட்டுக்கு எழுத்துத் தைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ரெகாரோ ஒரு ஜெர்மன் சீட் நிறுவனம். அதன் மூலமான, 1906-ல் ஷ்டுட்கார்ட்டில் தொடங்கிய ராய்ட்டர் நிறுவனம், நம் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதுபோல், போர்ஷே 356-க்குப் பாடி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1963-ல் அந்தப் பிரிவை போர்ஷே வாங்கிக்கொண்டபின், ராய்ட்டர், கரோசெரி என்ற இரு சொற்களின் தொடக்கத்தைச் சேர்த்து ரெகாரோ என்று பெயர் மாற்றிக்கொண்டு சீட்டிலேயே முழு கவனம் செலுத்தியது. அந்த ஜெர்மன் கார் சீட் நிறுவனம் 2024-ல் திவால் நடவடிக்கைக்குப் போனபிறகு பழைய மாடல்கள்மீது ஆவல் கூடியிருக்கிறது, போலிகளுக்கும் துணிச்சல் கூடியிருக்கிறது. அடிப்பகுதியில் உள்ள ஒரிஜினல் ஸ்டிக்கரையும் பாக எண்ணையும் படமெடுத்துப் போடுவதே உண்மையான பொருள் வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு. ஜப்பானும் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டீயரிங் நாடு என்பதால் அங்கிருந்து வந்த ஓட்டுநர் சீட்டின் நெம்புகோல்கள் நமக்குச் சரியான பக்கத்தில் இருக்கும். ஐரோப்பாவின் இடப்பக்க வண்டியிலிருந்து வந்ததென்றால் எந்தப் பக்கத்துச் சீட் என்று தெளிவாக எழுதுங்கள்.

உங்கள் சீட்டை வெளியூருக்கு அனுப்புவதில் பெரிய தடை எடையாக இருக்காது, பருமனாகத்தான் இருக்கும். ஓடு பஞ்சோடு சேர்ந்து பத்து கிலோவுக்குள் அடங்கலாம். ஆனால் 95 செ.மீ. நீளம், 60 அகலம், 65 உயரம் உள்ள பெட்டியில் போட்டால், பெருக்கி 5000-ஆல் வகுக்கும் கூரியர் கணக்கில் அது 74 கிலோவாகிவிடும். அந்தக் கட்டணத்தைக் கேட்டு இரு தரப்பும் பின்வாங்கிய பேரங்கள் பல. லாரி பார்சல் சர்வீஸிலோ ஆம்னி பஸ் பார்சலிலோ போட்டால் செலவு வெகுவாகக் குறையும். இரவு கோவையில் ஏற்றினால் காலையில் சென்னையிலோ பெங்களூரிலோ இறக்கிவிடுவார்கள். ஆனால் அங்கே மூட்டைமேல் மூட்டை அடுக்குவார்கள் என்பதை மறக்க வேண்டாம். சைடு மவுன்ட்டையும் ஸ்லைடரையும் கழற்றித் தனியே சாக்கில் சுற்றுங்கள், பூட்டியபடியே அனுப்பினால் அவற்றின்மேல் விழும் பாரம் போல்ட் துளையைத்தான் முறிக்கும். ஓட்டின் இரண்டு தோள் விளிம்புகளுக்கும் அடிவிளிம்புக்கும் தெர்மாகோல், அதன்மேல் பழைய போர்வை, அதன்மேல் அட்டை என்று கட்டுங்கள். கட்டுவதற்கு முன்பும் கட்டியபின்பும் வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் டிராக் நிகழ்ச்சிக்குப் போகும் நண்பரின் வண்டியில் கொடுத்தனுப்புவதே எல்லாவற்றிலும் மேல். சென்னைக்காரர் என்றால், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ வேலையாக யாராவது வாரந்தோறும் போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், பேரமும் பேசாமல், "ராணுவத்தில் இருக்கிறேன், ஆளை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்" என்று எவரேனும் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யு.பி.ஐ. பின் போடவும் வேண்டாம். உண்மையான ஆர்வலர் முதலில் கேட்பது துளை இடைவெளியையும் இடுப்பகலத்தையும்தான், அதிலேயே ஆள் தெரிந்துவிடும். முன்பணமாக ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டால், எத்தனை நாளைக்கு அவருக்காக நிறுத்திவைப்பீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். அந்த நாட்களில் வேறொருவர் கூடுதலாகத் தர முன்வந்தாலும் சொன்ன சொல் மாறக் கூடாது.

வாங்க வருபவர் இதை அன்றாடம் ஓட்டும் காரில் பூட்டப்போகிறேன் என்று சொன்னால், விற்பனை கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். இந்தச் சீட் நான்கு, ஐந்து, ஆறு முனை ஹார்னஸுக்காக உருவானது. காரின் மூன்று முனை பெல்ட், உயர்ந்த தொடை அணைகளுக்கு மேலே தொங்கினால், இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றில் படிந்துவிடும். மோதலில் அது கொடிய காயம் தரும். சரி, ஹார்னஸையே போட்டுக்கொள்கிறேன் என்பார். உள்ளே ரோல் கேஜ் எனும் இரும்புக் கூண்டு இல்லாத வண்டி உருண்டு கூரை அமுங்கும்போது, சாதாரண பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமிருக்கும். ஹார்னஸில் நிமிர்ந்தபடியே பிணைக்கப்பட்டிருக்கும். அவருடைய பழைய சீட்டில் ஏர்பேக் இருந்தால் அதுவும் போய்விடுகிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் அவர் அறிந்திருக்கட்டும். இவ்வளவையும் கேட்டபிறகு அவர் எடுக்கும் முடிவு அவருடையது. கேட்டுவிட்டு வேண்டாம் என்று போன ஒருவர், ஆறு மாதம் கழித்து கேஜ் வைத்த வண்டியோடு வந்து என்னிடமே வேறொரு சீட்டை வாங்கிச் சென்றார்.

கடைசியாக ஒன்று. சோதனையில் உங்கள் ஓட்டில் விரிசலோ மந்த ஒலியோ தென்பட்டால், "சிமுலேட்டருக்கு மட்டும்" என்று எழுதிக்கூட விற்காதீர்கள். அடுத்த கையிலிருந்து மூன்றாவது கைக்குப் போகும்போது அந்த வாசகம் கூடவே போகாது, லேபிள் மட்டும்தான் போகும். நான் வாங்கிய அந்தச் சீட்டின் பஞ்சுகளை ஒரு மாணவர் அணிக்கும், ஸ்லைடரை ஒரு நண்பருக்கும் கொடுத்துவிட்டு, லேபிளைச் சுரண்டி எடுத்தேன். பிறகு முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, ஹேக்ஸா பிளேடால் ஓட்டினை இடுப்புக்குக் குறுக்கே இரண்டாக அறுத்தேன். அறுத்த வாயில், அந்த போல்ட் துளைக்கு நேராக, இழையடுக்குகள் நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போல் தனித்தனியாக விரிந்து நின்றன.